பந்து கையில் இல்லாத நான்கு பேர்

தருமபுரியிலிருந்து வத்தல்மலை ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அடிவாரம் வரைக்கும் வண்டி சிரமமில்லாமல் ஓடும். வழியெல்லாம் புளியமரங்கள், அறுத்துப் போட்ட கேழ்வரகுத் தாள், அவரைக்காடு. அதற்கு மேல் இருபதுக்கும் அதிகமான கொண்டை ஊசி வளைவுகள். சாலை வருவதற்கு முன் இந்த ஏற்றத்தை மலைமக்கள் நடந்தேதான் கடந்தார்கள். உப்பும் அரிசியும் தலைச்சுமையாக ஏறின. காப்பியும் மிளகும் தலைச்சுமையாக இறங்கின. நடக்க முடியாத நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி வந்த கதை இன்றும் வயதானவர்கள் வாயில் இருக்கிறது.

காப்பி அறுவடையைப் பார்க்கத்தான் ஜனவரியில் கிளம்பினேன். வண்டி ஓட்டியவர் ஓய்வுபெற்ற கல்லூரி உடற்கல்வி இயக்குநர். சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியில் படித்தவர். அவரிடம் பந்து பிடிக்கக் கற்றவர்கள் மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள், அவர்கள் எல்லாருக்கும் அவர் 'மாஸ்டர்'. பின்சீட்டில் அவருடைய பேத்தி. சேலத்தில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரிக் கூடைப்பந்து அணியின் பாயிண்ட் கார்டு. மடியில் பந்து வைத்திருந்தாள். முகம் மட்டும் சரியில்லை.

மூன்றாவது வளைவில் பேச ஆரம்பித்தாள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அணியின் புள்ளிகளில் பாதிக்கு மேல் அவள் போட்டிருக்கிறாள், அணி தோற்றது. "நீ மட்டும்தான் ஆடுற, டீம் எங்க?" என்று கோச் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். அடுத்த ஆட்டத்தில் வீம்பாகப் பந்தைக் கையில் வைக்கவே இல்லை, வந்ததையெல்லாம் பாஸ் செய்தாள். அதில் இன்னும் மோசமான தோல்வி.

"ரெண்டு மேட்ச்சுலயும் தப்பு என் மேலதான்னா நான் என்னதான் பண்றது, தாத்தா?"

மாஸ்டர் உடனே பதில் சொல்லவில்லை. எதிரே காப்பி மூட்டைகளோடு ஒரு வேன் இறங்கிக்கொண்டிருந்தது, அதற்கு ஒதுங்கி வழிவிட்டார். அப்புறம் கேட்டார்: "நீ பால் வெச்சிருக்கும்போது மத்த நாலு பேரு என்ன பண்ணாங்க?"

அவளுக்குத் தெரியவில்லை. அவள் பார்த்தது கூடையை.

கார்டு என்பவர் யார் என்று விளையாட்டுப் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அணியில் ஐந்து பேர். உயரமானவர்கள் கூடைக்கு அருகே நிற்பார்கள், பந்தைத் தட்டிக்கொண்டு எதிரணியின் பகுதிக்குள் கொண்டுபோவது கார்டு. 8 நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும், 24 நொடிக்குள் அணி கூடைக்கு எறிந்தாக வேண்டும். அந்த நேரத்துக்குள் தானே எறிவதா, யாருக்குக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்ற முடிவுகள் பெரும்பாலும் அந்த ஒருவர் கையில். அதனால்தான் திறமையா, கூட்டு ஆட்டமா என்ற சண்டை மற்ற எவரையும்விடக் கார்டு தலையில் வந்து விடிகிறது.

வளைவுகள் நெருங்கி வந்த இடத்தில் மாஸ்டர் அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் பீட் மராவிச்சின் கதையை எடுத்தார். அவருடைய அப்பா பிரெஸ் மராவிச் கோச். பையனைக் காரில் உட்கார வைத்து, கண்ணாடியை இறக்கச் சொல்லி, வண்டி போகும்போதே வெளியே கையை நீட்டித் தரையில் பந்தைத் தட்ட வைப்பாராம். அந்தப் பையன் 1967 முதல் 1970 வரை அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். மூன்று சீசன், 83 ஆட்டம், 3,667 புள்ளி. ஆட்டத்துக்குச் சராசரி 44.2. அதுவும் மூன்று புள்ளிக் கோடு வராத காலத்தில்! அங்கே கோச்சாக இருந்தவரும் அதே அப்பாதான். முதல் இரண்டு சீசனிலும் அணி வென்றதும் தோற்றதும் கிட்டத்தட்ட சரிபாதி. அமெரிக்கக் கல்லூரி அணிகள் எல்லாம் கனவு காணும் என்.சி.ஏ.ஏ. தேசியப் போட்டிக்குள் அந்த மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்த அணி நுழையவில்லை.

இந்தக் கதையை நம் ஊர் பயிற்சியாளர்கள் சொன்னால் அடுத்த வரி எப்போதும் ஒன்றுதான்: 'பார்த்தாயா, தனியாக ஆடினால் இதுதான் கதி.' எனக்கு அதில் உடன்பாடில்லை. மாஸ்டருக்கும் இல்லை என்பது அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. வரம் மாதிரி ஒரு கை வாய்த்த பிள்ளையை 'அலட்டாதே' என்று அடக்கி வைத்து, பத்தோடு பதினொன்றாக்கி விட்ட கல்லூரி மைதானங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடக்கிய பிறகு அணி முன்னேறியதா என்றால் அதுவும் இல்லை. பேத்தியின் இரண்டாவது ஆட்டம் அந்த வகை. பயந்து கொடுத்த பாஸை எதிராளி மதிக்கவே மாட்டான். இவள் எறிய மாட்டாள் என்று தெரிந்தால், இவளை விட்டுவிட்டு மற்ற நால்வரையும் ஐந்து பேராக அடைத்து நிற்பான்.

மேலே ஏறியதும் காற்று மாறியது. கடல் மட்டத்திலிருந்து 3,000 அடிக்கு மேல். பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு, ஒன்றிக்காடு என்று சிறுசிறு ஊர்களாகப் பரந்து கிடக்கிறது மலை. இங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். பேசுவது தமிழ், கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்தவர்கள் என்று தங்கள் முன்னோர் கதையைச் சொல்கிறார்கள். சாமையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் இப்போது சில்வர் ஓக் மரங்கள் நெடுநெடுவென்று நிற்கின்றன. அவற்றின் உடம்பில் மிளகுக்கொடி, அடியில் நிழலில் காப்பிச் செடி. ஒரு வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் விரித்துப் பழத்தைக் காயப்போட்டிருந்தார்கள். முந்தாநாள் பறித்தது இன்னும் சிவப்பு, போன வாரத்தது கறுத்துச் சுருங்கி, காலால் துழாவினால் சலசலக்கிறது. பறிக்கும் பெண்கள் ஒரே கொத்தில் பழுத்ததை மட்டும் திருகி எடுத்துவிட்டு, பச்சையைத் தொடாமல் அடுத்த செடிக்குப் போகிறார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அதே செடிக்குத் திரும்ப வருவார்களாம்.

டீக்கடையில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் மாஸ்டரை அடையாளம் கண்டு எழுந்து நின்றார். ஒருகாலத்தில் மலைக்காகக் கபடி ஆடியவர். பேச்சு புரோ கபடி அணியான தமிழ் தலைவாஸுக்குப் போயிற்று. தருமபுரிப் பக்கம் எந்தப் பேச்சும் கடைசியில் கபடிக்கு வந்து சேரும்.

"பவன் முட்டி போயி விழுந்த அன்னிக்கி டி.வி.யை ஆஃப் பண்ணிட்டேன் மாஸ்டர். இனிமே என்னா இருக்குதுன்னு."

நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். 2019-ல் ராகுல் சவுத்ரி, அஜய் தாக்கூர், மன்ஜீத் சில்லர் என்று பெரிய பெயர்களைச் சேர்த்து இறங்கிய அந்த அணி 12 அணிகளில் கடைசியாக வந்தது. 2022-ல் பவன் ஷெராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். அதுவரை புரோ கபடியில் யாருக்கும் அவ்வளவு விலை போனதில்லை. முதல் ஆட்டத்திலேயே அவருக்குக் காயம். சீசன் முழுக்க வெளியே. ஆனால் அந்த சீசனில்தான் தலைவாஸ் வரலாற்றில் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. அறிமுக சீசனில் ஆடிய நரேந்தர் 200-க்கு மேல் ரெய்டு புள்ளிகள் எடுத்தார். சாகர், சாஹில் குலியா, நம் அபிஷேக் எல்லாரும் பின்கோட்டில் கைகோத்து நின்றார்கள். நட்சத்திரம் இல்லாததால் ஜெயித்தார்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நரேந்தரிடமும் அபாரமான திறமை இருந்தது. ஆனால் 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று சாய்ந்துகொள்ள ஆள் இல்லாமல் போனபோது, ஏழு பேரும் அவரவர் காலில் நின்றாக வேண்டியிருந்தது.

பேத்தி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ நான் வெளிய உக்காந்தா எங்க டீம் ஜெயிக்குமா?" என்று கேட்டாள். குரலில் கோபம் இருந்தது. நியாயமான கோபம்.

"இல்ல கண்ணு. நீ உள்ள இருந்துகிட்டே அவங்க கால் நிக்காம பாத்துக்கணும்" என்றார் மாஸ்டர்.

பெரியூரில் ஒரு திடலில் பையன்கள் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மரக்கம்பங்களுக்கு இடையே கட்டிய வலை நடுவில் தொய்ந்திருந்தது. ஒரு பக்கம் ஆள் குறைவு. மாஸ்டர் பேத்தியை உள்ளே அனுப்பினார், அடிப்பவர்களுக்குப் பந்தை ஏற்றிக் கொடுக்கும் லிஃப்டராக.

அவள் பந்தாடுவதை ஓரமாக நின்று பார்த்தபோது ஒரு பழைய கதை நினைவுக்கு வந்தது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கியபோது 13 விதிகள் எழுதினார். அவற்றின்படி பந்தோடு ஓட முடியாது. பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் டிரிபிளிங் பிறகு ஆடியவர்களே கண்டுபிடித்தது. பிறந்தபோது கூடைப்பந்து கைமாற்றும் ஆட்டம் மட்டுமே. நான்கு ஆண்டு கழித்து, 1895-ல், பக்கத்து ஊரான ஹோலியோக்கில் வில்லியம் மோர்கன் வாலிபாலை உருவாக்கினார். அவரும் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர்தான். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் தொடங்கியதுதான் மாஸ்டர் படித்த நந்தனம் கல்லூரி. அங்கிருந்து புறப்பட்ட உடற்கல்வி ஆசிரியர்கள் கைவழியாகத்தான் இந்த இரண்டு ஆட்டமும் நம் மாவட்டப் பள்ளிகளுக்கும் மலையூர்களுக்கும் வந்து சேர்ந்தன. கூடைப்பந்து ஒருவன் கையில் பந்து தங்க இடம் கொடுத்துவிட்டது. இன்றைய வாலிபாலில் அதற்கு இடமே இல்லை: மூன்று தொடுகைக்குள் பந்து வலையைத் தாண்ட வேண்டும், ஒருவரே அடுத்தடுத்து இருமுறை தொடக் கூடாது.

பேத்திக்குக் கை சுத்தம். லிஃப்ட் அழகாக ஏறியது. ஆனால் ஒவ்வொரு தடவையும் இடப்பக்கம் நின்ற நெட்டைப் பையனுக்கே ஏற்றினாள். முதலில் இரண்டு மூன்று புள்ளி கிடைத்தது. பிறகு எதிரணியில் இரண்டு பேர் முன்கூட்டியே அவனுக்கு எதிரே போய் நின்றுகொண்டார்கள். அடித்த பந்தெல்லாம் அவர்கள் கையில் பட்டு இந்தப் பக்கமே விழுந்தது. வலப்பக்கக் கோடியில் ஒல்லியாக ஒரு பையன். ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஓடிவந்து, கையை ஓங்கி, காற்றில் குதித்துவிட்டுத் திரும்பிப் போவான். அவனுக்கு ஒரு பந்தும் வரவில்லை. சிறிது நேரத்தில் அவன் குதிப்பது நின்றது. ஓடிவருவதும் நின்றது. கடைசியில் இடுப்பில் கைவைத்து, எல்லாரையும்போல நெட்டைப் பையனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கண்ணு, ஒருத்தன் குதிக்கறதையே விட்டுட்டான் பாரு!" என்று மாஸ்டர் ஓரத்திலிருந்து கத்தினார்.

அடுத்த பந்தை அவள் தலைக்குப் பின்னால் ஏற்றினாள். ஒல்லிப் பையன் எதிர்பார்க்கவில்லை, தாமதமாக எழுந்து வலையிலேயே அடித்தான். சொந்த அணிப் பையன்களே முனகினார்கள். அவன் தலை குனிந்தது. அதற்கடுத்த பந்தையும் அவள் அவனுக்கே ஏற்றினாள். அது கோட்டுக்கு வெளியே போயிற்று. மூன்றாவது முறை இறங்கியது. அதன்பிறகு எதிரணியின் இரண்டு தடுப்பாளர்களும் எந்தப் பக்கம் போவது என்று நடுவில் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தில் நெட்டைப் பையனுக்கு எதிரே ஒரே ஆள்தான். அவன் அடித்த அடி திடலுக்கு வெளியே வேலியோரம் போய் நின்றது.

அரைமணி நேரத்தில் மாஸ்டர் சொல்ல வந்தது முழுக்க என் கண்முன்னே நடந்துவிட்டது. நட்சத்திரக் கார்டு இருக்கும் அணிக்கு வரும் நஷ்டம் அவர் எறிந்து தவறும் பந்துகளில் இல்லை. மற்ற நான்கு பேரின் கால் நின்றுபோவதில் இருக்கிறது. பந்து வராது என்று தெரிந்த பிறகு யாரும் வெகுநேரம் வீணாக ஓட மாட்டார்கள். அவர்கள் ஓடாவிட்டால் காவலுக்கு நிற்பவர்களும் நகர வேண்டியதில்லை, எல்லாக் கண்களும் கார்டு மேலேயே இருக்கும். அப்போது அவருடைய திறமையே நெரிபட்டுப் போகிறது.

அசிஸ்ட், அதாவது கூடையில் முடிந்த பாஸ், அதன் வெறும் எண்ணிக்கையும் இதைக் காட்டிவிடாது. 2017–18 சீசனில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் டிரே யங் அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்களில் புள்ளியிலும் முதலிடம், அசிஸ்டிலும் முதலிடம். ஒரே சீசனில் இரண்டையும் பிடித்த முதல் ஆள் அவர்தான். அவ்வளவு பேருக்குக் கொடுத்தும் அந்த அணி 18 வெற்றி, 14 தோல்வியோடு தேசியப் போட்டியின் முதல் சுற்றிலேயே வெளியேறியது. ஆறு ஆண்டு கழித்து அயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க்கும் மகளிர் ஆட்டத்தில் அதே இரண்டு பட்டியலிலும் முதலிடம் பிடித்தார். மராவிச்சின் 3,667 புள்ளிகளைத் தாண்டி 3,951-ல் முடித்தார். அவருடைய அணியோ 2023, 2024 இரண்டு ஆண்டும் இறுதி ஆட்டத்தில் நின்றது. யங் ஓர் ஆண்டு மட்டும் கல்லூரியில் ஆடிவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனவர். கிளார்க்கோடு 2023 இறுதியில் இறங்கிய முதல் ஐவர் மூன்று சீசன் சேர்ந்து ஆடியவர்கள். எங்கே ஓடினால் பந்து எந்த உயரத்தில் வரும் என்று அந்த நால்வருக்கும் தெரியும். வித்தியாசத்துக்கு இதை முக்கியக் காரணமாக நான் நினைக்கிறேன். இரண்டு இறுதியிலும் அயோவா தோற்றது. 2024-ல் அவர்களை வீழ்த்திய சவுத் கரோலைனா 38 ஆட்டத்தில் 38-ம் வென்ற அணி. மாற்று ஆட்டக்காரர்களை இறக்கினாலும் ஆட்டம் இளைக்காத அணி.

நம் கல்லூரி அணிகளுக்குக் கிடைப்பது என்ன? மண்டலப் போட்டிக்கு முன்னால் சில நாள் பயிற்சி முகாம், செமஸ்டர் தேர்வு, லேப், பஸ் நேரம். அதற்குள் ஐந்து பேரின் கால் எப்படி ஒன்றையொன்று அறியும்? இதைச் சரிசெய்யாமல் தோற்ற பிறகு கார்டைப் பிடித்து 'சுயநலக்காரி' என்பது அநியாயம். இன்னொன்றும் உண்டு. நம் போட்டிகளில் மேசையில் எழுதப்படும் அதிகாரப்பூர்வ ஸ்கோர் ஷீட்டை யாராவது உற்றுப் பாருங்கள். யார் எத்தனை புள்ளி, யார் எத்தனை ஃபவுல், எத்தனை டைம்-அவுட், எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. அசிஸ்டுக்குக் கட்டம் கிடையாது. அதற்குத் தனியாகப் புள்ளிவிவரம் எடுப்பவர் வேண்டும், கல்லூரிப் போட்டிகளில் அவர் பெரும்பாலும் இருக்க மாட்டார். ஒரு கார்டு கொடுத்த நல்ல பாஸ் ஆட்டம் முடிந்ததும் எழுத்தில் இல்லாமல் அழிந்துவிடுகிறது. பரிசளிப்பு மேடையில் கோப்பை வாங்குவது அதிகப் புள்ளி போட்டவர். இப்படி எழுதி, இப்படிக் கொடுத்துவிட்டு, 'ஏன் நீயே எறிகிறாய்' என்று பத்தொன்பது வயதுப் பெண்ணைக் கேட்கிறோம்.

அந்தப் பத்தொன்பது வயதில்தான் சென்னைப் பெண் அனிதா பால்துரை இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்குக் கேப்டன் ஆனார். அவரும் கார்டு. 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியக் கூடைப்பந்து சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஆடினார். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். ஆடிய காலத்தின் நடுவில் குழந்தை பெற்று, திரும்பி வந்தும் ஆடினார். பெங்களூருவில் 2017-ல் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதியில் இந்தியா கஜகஸ்தானை 75–73 என்று வென்றது. அவ்வளவு நெருக்கடியில் ஒரு பந்தை எறிவதா கொடுப்பதா என்று தீர்மானிக்கும் மனசு ஒருநாளில் வருவதில்லை. பேத்தியின் போன் திரையில் இருப்பது அனிதாவின் படம்தான். பதினாறு ஆண்டு ஒரு கார்டைத் தேசிய அணி விடாமல் வைத்திருக்கிறது என்றால், கூட ஆடியவர்களுக்கு அவர் பக்கத்தில் இருப்பது ஆதாயமாக இருந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பொழுது சாயும் முன் இறங்க ஆரம்பித்தோம். மாஸ்டர் தன் கல்லூரி நாட்களின் பயிற்சியைச் சொன்னார். தினமும் முதல் இருபது நிமிடம் டிரிபிளிங் கூடாது. ஒருமுறைகூடப் பந்து தரையைத் தொடாமல் ஐந்துக்கு ஐந்து ஆட வேண்டும். நைஸ்மித்தின் 1891 ஆட்டம் மாதிரி. முதல் வாரம் பிள்ளைகள் திணறுவார்கள். பிடித்தவனுக்குக் கொடுக்க ஆள் வேண்டுமே, மற்ற நால்வரும் ஓடியே தீர வேண்டும். மூன்றாவது வாரம் டிரிபிளிங்கைத் திருப்பிக் கொடுத்தால், நல்ல கார்டு யாரென்று அப்போதுதான் தெரியும் என்றார்.

"எங்க கோச் ஒத்துக்குவாரா தெரியல. நீங்க வந்து சொல்லுங்க தாத்தா."

"நான் எதுக்கு? நீ கேளு. டீமுக்காக கேக்கறேன்னு சொல்லு, மறுக்க மாட்டாரு." சிறிது தூரம் போனதும் கேட்டார்: "சரி, உன் டீம்ல அந்த நாலு பேருக்கும் எந்த எடத்துல பந்து வந்தா புடிக்கும்? சொல்லு பாப்போம்."

இரண்டு பேரைப் பற்றிச் சொன்னாள். மூன்றாவது பெண்ணிடம் வந்ததும் நின்றுவிட்டாள். போனை எடுத்து ஏதோ தட்டி அனுப்பினாள், போகவில்லை. அடிவாரத்தில் சிக்னல் வந்த பிறகுதான் போயிற்று. பதில் உடனே வந்தது. சத்தமாகப் படித்தாள்: "லெஃப்ட் கார்னர். ஏண்டி, இப்போ போய் கேக்குற?"

அவள் திரும்ப டைப் செய்யவில்லை, நேரே போன் போட்டாள். எந்தக் கைக்குப் பந்து வந்தால் வசதி, மார்புக்கு நேராக வேண்டுமா கொஞ்சம் தாழ்வாக வேண்டுமா, ஸ்கிரீன் போட்ட பிறகு எந்தப் பக்கம் திரும்புவாள், ஃபாஸ்ட் பிரேக்கில் ஏன் நடுவிலேயே நின்றுவிடுகிறாள் என்று தருமபுரி பஸ் ஸ்டாண்ட் வரும்வரை இரண்டு பெண்களும் பேசிக்கொண்டே வந்தார்கள். நடுவில் ஒருமுறை குரல் உயர்ந்து சண்டையும் வந்தது. மாஸ்டர் ஹாரன்கூட அடிக்காமல் ஓட்டினார்.